பாரம் சுமந்த பழைய லொறிகள்

அரசர்களின் வாள்கள் நூதனசாலைகளிற் பேணப்படுகின்றன. உழவர்களின் கொழுக்கள் தேய்ந்தபின் கொல்லனுடைய உலைக்குத் திரும்புகின்றன. வாள் சில நாட் போரிலே பயன்பட்டது. கொழுவோ ஆண்டுதோறும் சோறு தந்தது. ஆயினும் சரித்திரம் வாளையே பத்திரப்படுத்தி வைத்தது. இக்காலத்து வாகனங்களுக்குள்ளும் இந்த வேற்றுமை உண்டு. செல்வர் ஏறிச் சென்ற அழகிய மோட்டார் வண்டிகள் தலைமுறை தலைமுறையாகக் கொட்டகைகளிற் காக்கப்பட்டன. மாவும் நிலக்கரியும் செங்கல்லும் சுமந்த பார லொறிகளோ, வலிமை உள்ளவரை உழைத்து, வலிமை போனதும் உடைக்கப்பட்டு உருக்காலைக்குச் சென்றன.

அவ்வாறு அழிவுக்கென்று ஒதுக்கப்பட்ட பழைய லொறிகளைத் தேடிப் பிடித்து, சொந்தக் கையால் அவற்றைச் செப்பனிட்டு, மீண்டும் தெருவில் ஓடச் செய்வதை ஒரு பொழுதுபோக்காகக் கொண்ட மக்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றனர். இந்த முயற்சி முன்னதாகவே ஒழுங்கான இயக்கமாக உருப்பெற்ற நாடுகளுள் பிரித்தானியா ஒன்று. அங்கே அது எவ்வாறு தோன்றியது என்பதை அறிய வேண்டுமாயின், லொறிகளின் சரித்திரத்தையே சிறிது அறிதல் வேண்டும்.

1865ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, தெருவிற் செல்லும் இயந்திர வண்டிகளுக்கு நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலும் நகரத்தில் 2 மைலும் என வேகத்தை வரையறுத்தது. வண்டிக்கு முன்னே ஒருவன் செங்கொடி பிடித்து நடக்கவேண்டும் என்றும் அது விதித்தது. இந்தத் தளை 1896இலேதான் அகன்றது. அவ்வாண்டு நவம்பர் 14ஆந் தேதி, புதிய சட்டத்தைக் கொண்டாடும் பொருட்டு, மோட்டார் வண்டிகள் இலண்டனிலிருந்து கடற்கரை நகரமாகிய பிரைட்டனுக்கு ஊர்வலமாகச் சென்றன. ஆனால் அந்தச் சுதந்திரம் 3 தொன்னுக்குக் குறைந்த எடையுள்ள வண்டிகளுக்கே கிடைத்தது. பாரம் ஏற்றும் வண்டியைச் செய்வோர் அந்த எல்லைக்குள் நின்றுகொண்டே வலிமையான வண்டியைப் படைக்க வேண்டியவராயினர். 1905ஆம் ஆண்டிலே வெற்று வண்டியின் எடை 5 தொன் வரை இருக்கலாம் என்று விதி தளர்ந்த பின்னரே உண்மையான பார லொறிகள் பெருகின.

அதே 1896ஆம் ஆண்டில், லங்காஷயர் மாகாணத்து லேலண்ட் என்னும் சிற்றூரில், கொல்லர் மரபில் வந்த ஜேம்ஸ் சம்னரும் அவருடன் கூட்டுச் சேர்ந்த ஸ்பரியர் குடும்பத்தினரும் நீராவி வண்டிக் கம்பனி ஒன்றைத் தொடங்கினர். அவர்களுடைய முதல் வண்டி ஒன்றரைத் தொன் பாரம் சுமந்த நீராவி வண்டி. 1904இல் அவர்கள் செய்த முதற் பெற்றோல் லொறிக்குத் தொழிலாளர் 'பன்றி' என்று பட்டப்பெயர் சூட்டினர்; முதல் முயற்சியின் பண்பு அந்தப் பெயரிலேயே விளங்குகிறது. 1907இல் அந்த நிறுவனம் லேலண்ட் மோட்டார்ஸ் என்னும் பெயரை ஏற்றது.

1914இல் முதலாம் உலக யுத்தம் மூண்டபோது, படைகளுக்கு உணவும் குண்டும் சுமக்க லொறிகள் ஆயிரக்கணக்கில் வேண்டியிருந்தன. லேலண்ட் நிறுவனம் மட்டும் சுமார் 6,000 வாகனங்களைப் பிரித்தானியப் படைகளுக்கு அளித்தது. அவற்றுட் பெரும்பாலான 3 தொன் லொறிகள் விமானப் படைக்குச் சென்றமையால் 'ஆர். ஏ. எவ்.' ரகம் என்றே பெயர் பெற்றன. யுத்தம் முடிந்ததும் அந்த லொறிகள் யாவும் ஏலத்துக்கு வந்தன. சேற்றிலும் குண்டுமழையிலும் அடிபட்ட அவை எவர் கைக்காவது போய், வழியில் நின்று, கம்பனியின் நற்பெயரைக் கெடுக்குமே என்று லேலண்ட் நிறுவனத்தார் அஞ்சினர். ஆகவே சுமார் 3,000 லொறிகளைத் தாமே திருப்பி வாங்கினர். தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்ரனில், யுத்த காலத்தில் விமானம் செய்த பெருந் தொழிற்சாலையை விலைக்குப் பெற்று, ஒவ்வொரு லொறியையும் ஆணிவேறு தகடுவேறாகப் பிரித்து, தேய்ந்தவற்றை மாற்றி, புதிய வண்டிக்குரிய உத்தரவாதத்துடன் விற்றனர். இதற்கான செலவு அளவு கடந்தது. கம்பனி பெரும் பணமுடைக்கு உள்ளாயிற்று. ஆனால் அந்த வண்டிகள் அதன் பின் பல ஆண்டுகள் ஓடின. பழைய பார லொறியைப் பிரித்துக் கோத்துப் புதுவாழ்வு அளிக்கும் வேலை, பொழுதுபோக்காவதற்கு முன்னர், இவ்வாறு ஒரு தொழிலகத்தின் மானப் பிரச்சினையாகத் தொடங்கியது.

அடுத்த மாற்றம் 1930களில் வந்தது. அதுவரை நீராவி லொறிகள் பெற்றோல் லொறிகளுக்கு ஈடாக ஓடிக்கொண்டிருந்தன. ஷ்ரூஸ்பரி நகரத்துச் சென்ரினல் லொறியும் சான்பாக் ஊரின் போடன் லொறியும் நீராவி வண்டிகளுட் புகழ்பெற்றவை. ஆனால் கொதிகலமும் தண்ணீரும் நிலக்கரியும் சேர்ந்த வண்டி இயல்பாகவே கனமானது. 1933ஆம் ஆண்டுச் சட்டம் வண்டியின் எடைக்கேற்ப வரியை உயர்த்தியபோது, அந்த வரி நீராவி லொறியின் தலையிலேயே பெரிதும் விழுந்தது. மறுபுறத்தில், மாஞ்செஸ்ரரைச் சேர்ந்த கார்ட்னர் நிறுவனத்தின் டீசல் எஞ்சின் குறைந்த எண்ணெயில் நெடுந்தூரம் ஓடிக் காட்டியது. போடன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரின் மைந்தர் எட்வின் ரிச்சர்ட் போடன், எதிர்காலம் டீசலுக்கே உரியது என்று வாதாடினார். மற்றவர் இசையாமையால், அறுபது வயதைக் கடந்த நிலையில் தந்தையின் கம்பனியை விட்டு வெளியேறினார். 1933இல் அதே ஊரில் தம் பெயரின் முதலெழுத்துக்களைக் கொண்டு ஈ. ஆர். எவ். என்னும் புதிய நிறுவனத்தை அமைத்து, கார்ட்னர் எஞ்சின் பூட்டிய டீசல் லொறிகளைச் செய்தார்.

இவ்வாறு ஒதுக்கப்பட்ட நீராவி லொறிகளும், காலங்கடந்த பெற்றோல் லொறிகளும் பெரும்பாலும் உடைபட்டன. எஞ்சியவை எஞ்சியதற்குக் காரணம் அன்பன்று, அலட்சியமே. ஒன்றின் எஞ்சின் மரம் அறுக்கும் ஆலையில் அரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. இன்னொன்றின் பெட்டி பண்ணையிலே கோழிக்கூடாயிற்று. வேறொன்று முட்செடிகளுக்கிடையே சக்கரம் புதைந்து கிடந்தது. அவற்றை வெளியே இழுத்துப் போடுவதற்குச் செலவாகும் என்பதாலேயே அவை பிழைத்தன.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் இந்த எச்சங்களைச் சிலர் தேடத் தொடங்கினர். அவர்களுட் பழைய சாரதிகள் இருந்தனர். லொறிச் சொந்தக்காரரின் பிள்ளைகள் இருந்தனர். சிறு வயதில் தெருவோரத்தில் நின்று அந்த வண்டிகளை வியந்து பார்த்தவர்களும் இருந்தனர். 1958ஆம் ஆண்டில் சரித்திர வணிக வாகனக் கழகம் பிரித்தானியாவில் நிறுவப்பட்டது. 1962இல் அக்கழகத்தார் இலண்டனிலிருந்து பிரைட்டனுக்குப் பழைய லொறிகளையும் பஸ்களையும் ஓட்டிச் சென்றனர். 1896இல் மோட்டார் வண்டிகள் விடுதலை கொண்டாடிய அதே வழியில், 50 மைலுக்கு மேற்பட்ட தூரத்தை உழைப்பாளி வண்டிகளும் கடந்தன. அந்த ஓட்டம் பின்னர் ஆண்டு வழக்கமாயிற்று. 1983இல், லேலண்ட் ஊரிலே பழைய தொழிற்சாலை இருந்த இடத்தில், வணிக வாகனங்களுக்கென்றே ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது.

இந்தப் பொழுதுபோக்கு இலேசானதன்று. ஒரு சிறு காரை வீட்டுக் கொட்டகையில் வைத்துத் திருத்தலாம். பல தொன் எடையுள்ள லொறியின் ஒரு சக்கரத்தைக் கழற்றுவதற்கே பாரந்தூக்கி வேண்டும். நெடுங்காலம் வெயிலிலும் பனியிலும் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு துருவேறி இறுகியிருக்கும். எண்ணெயை வார்த்து வாரக்கணக்காக ஊறவிட்டு, மெல்ல மெல்ல அதனை அசைக்க வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் மீண்டும் கிடைக்காத வார்ப்பிரும்பு வெடித்துவிடும். தண்ணீரை வடிக்காமல் விடப்பட்ட எஞ்சினில் குளிர்காலப் பனிக்கட்டி சுவரையே பிளந்திருப்பதும் உண்டு.

சுழல்தண்டு தங்கும் பேரிங்குகள் அக்காலத்தில் வெண்ணுலோகம் வார்த்துச் செய்யப்பட்டவை. அந்த மென்மையான உலோகத்தை உருக்கி வார்த்து, ஆறியபின் தண்டின்மீது மெல்லிய நீல மை பூசி ஒரு முறை சுழற்றுவர். நீலம் ஒட்டிய இடமே மேடு. அந்த மேட்டைச் சுரண்டியால் மயிரிழையளவு சுரண்டி, மறுபடி மை பூசிச் சுழற்றி, எங்கும் சமமாக நீலம் படியும்வரை இவ்வேலையைத் தொடர்வர். நீராவி லொறியாயின் கொதிகலத்தின் சோதனை முதன்மையானது. சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கத்தைத் தாங்கவேண்டிய அக்கலத்தை முதலிற் குளிர்ந்த நீரால் நிரப்பி, வழக்கத்திலும் கூடிய அமுக்கம் கொடுத்துப் பார்ப்பர். நீராவி வெடித்தால் உயிர் போகும். நீராயின் கசிந்து காட்டிவிட்டு நின்றுவிடும் என்பதே அதன் காரணம்.

உடைந்த பாகத்துக்குக் கடையிலே மாற்றுப் பாகம் கிடையாது. மரத்தில் அச்சுச் செய்து, மணலிற் பதித்து, புதிதாக வார்க்க வேண்டும். சாரதி அமரும் கூண்டின் மரச்சட்டங்களைத் தச்சர் முறையிற் பொருத்த வேண்டும். பக்கப் பலகைகளிலே வணிகரின் பெயரைத் தூரிகையால் எழுத வேண்டும். எல்லாம் முடிந்தபின், அந்த வண்டியை ஓட்டவும் கற்றுக்கொள்ள வேண்டும். பழைய கியர்ப் பெட்டியில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிளச்சை இரு முறை மிதித்து, எஞ்சினின் ஒலியைக் காதாற் கேட்டு, பற்சக்கரங்களின் வேகம் ஒத்துவரும் கணத்தில் கோலைத் தள்ள வேண்டும். இந்தக் கல்வி நூல்களில் முழுவதும் இல்லை. ஓய்வுபெற்ற சாரதியும் பட்டறைத் தொழிலாளியும் கையைப் பிடித்துக் காட்டியதாலேயே அது அடுத்த தலைமுறைக்கு வந்தது.

இங்கே ஒரு வழக்கு எழுகின்றது. திருத்தப்பட்ட லொறி எந்த அளவுக்குப் பழைய லொறி? சட்டம் ஓரிடத்தில் அகப்பட்டது. எஞ்சின் இன்னோரிடத்தில் கிடைத்தது. கூண்டு புதிதாகத் தச்சன் செய்தது. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் இருந்த கோலத்துக்கே வண்டியைக் கொண்டுவர வேண்டும் என்பர் ஒரு சாரார். பாரம் சுமந்த தழும்புகளையும் மங்கிய வர்ணத்தையும் அழித்தால் சரித்திரத்தையே அழித்தவராவோம் என்பர் மற்றொரு சாரார். முற்கூறிய 'ஆர். ஏ. எவ்.' லொறியையே எடுத்துக்கொண்டால் சிக்கல் தெளிவாகும். யுத்தகாலத்துப் படைவண்டி ஒரு கோலம். கிங்ஸ்ரனிற் புதுக்கப்பட்ட வணிகர் வண்டி மற்றொரு கோலம். பிற்காலத்தில் கட்டி இறப்பர்ச் சில்லை நீக்கிக் காற்றடைத்த ரயர் பூட்டியிருந்தால் அது மூன்றாவது கோலம். இவற்றுள் எது பொய்?

கோயில் தேரின் சில்லு தேய்ந்தால் மாற்றுகின்றனர். அச்சு முறிந்தால் புதிய அச்சு இடுகின்றனர். சிற்பம் உளுத்தால் மீண்டும் செதுக்குகின்றனர். ஆயினும் ஊரார் அதனை வேறு தேர் என்று கூறுவதில்லை. வடம்பிடித்தல் நிற்கவில்லை என்பதே அதன் நியாயம். லொறிக்கும் இந்த நியாயம் ஓரளவு பொருந்தும். ஆனால் தேர் தன்னைச் சரித்திரச் சான்று என்று சொல்லிக்கொள்வதில்லை. பழைய லொறி சொல்லிக்கொள்கிறது. ஆதலால் எந்தப் பாகம் பழையது, எது புதியது, எந்த ஆண்டின் கோலம் காட்டப்படுகிறது என்பவற்றை மறையாது எழுதிவைப்பதும், கழற்றிய பழைய பாகத்தை எறிந்துவிடாது வைத்திருப்பதும் இக்கலையின் நேர்மையாகும். புதுப்பித்தல் குற்றமன்று, புதியதைப் பழையதென்று காட்டுவதே குற்றம்.

லேலண்ட் என்னும் பெயர் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டுடன் உறவு கொண்டு 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறி, சென்னையை அடுத்த எண்ணூரிலிருந்து லொறிகளையும் பஸ்களையும் அனுப்பியது. பழைய ஆங்கில வண்டியை உயிரோடு வைத்திருக்கும் வித்தையும் தமிழருக்குப் புதியதன்று. 1990களில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், பல பத்தாண்டு வயதான ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் சிறிதளவு பெற்றோலாற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. அங்கே அது பொழுதுபோக்கன்று. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வழி. தேவையாற் செய்ததும் ஆசையாற் செய்வதும் வேறு. எனினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: திறந்து பார்த்து, விளங்கிக்கொண்டு, மனிதன் தன் கையாலே திருத்தக்கூடிய இயந்திரம்.

அந்த இயந்திரங்களைப் படைத்த நிறுவனங்களுட் பல இன்று இல்லை. போடன் என்னும் பெயரில் லொறி செய்வது 2006இல் நின்றது. தந்தையின் கம்பனியை விட்டு வந்தவர் தொடங்கிய ஈ. ஆர். எவ். அடுத்த ஆண்டிலே மறைந்தது. உத்தரவாதம் அளிக்கவும் பாகம் அனுப்பவும் அங்கே எவரும் இல்லை. 1920களில் ஒரு பெரிய கம்பனி தன் பெயரைக் காக்கப் பெரும் பொருளை இழந்து செய்த வேலையை, இன்று தனி மனிதர் தம் ஓய்வுநாட்களில், எண்ணெய் படிந்த கைகளோடு செய்துகொண்டிருக்கின்றனர். வாளுக்குக் கிடைத்த இடம் கொழுவுக்கும் கிடைப்பது அவர்களாலேதான்.