ராஜினாமா

ராஜாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 'ராஜி' அரபு வழி வந்தது: இசைவு. 'நாமா' பாரசீகம்: பத்திரம். ஆக, இசைவுப் பத்திரம். 'கேஸ் ராஜியாகிவிட்டது' என்று கோர்ட்டு வாசலில் சொல்கிறோமே, அதே ராஜிதான். சமரசத்துக்கு எழுதிக்கொடுத்த தாள், நம்மிடம் பதவி விலகும் கடிதமாயிற்று.

ஆள் இசையாவிட்டால்? பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன், ஊரடங்கு விதியை மீறியதற்காக 2022 ஏப்ரலில் அபராதம் கட்டியும் நாற்காலியை விடவில்லை. ஜூலையில் அமைச்சர்களும் அரசுப் பொறுப்பாளர்களுமாக 50 பேருக்கு மேல் ராஜினாமா செய்தார்கள். அவர் அசையவில்லை. வேறு வழியே இல்லாமல்தான் ஜூலை 7 அன்று விலகுவதாக அறிவித்தார். இதில் இசைவு எங்கே இருக்கிறது? அதன்பிறகும் செப்டம்பர் 6 வரை பிரதமர் அவரே.