உயர் குருதியமுக்க ஆய்வும் பெண்களும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ அறிவு விஞ்ஞானக் கூடங்களிலே தோன்றி, வர்க்க வேறுபாடோ பால் வேறுபாடோ இன்றி அனைவருக்கும் ஒருபடித்தாகப் பயன்படுகின்றது என்பது பொதுவான எண்ணம். எவருடைய உடல் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது, ஆய்வின் பயன் எவரைச் சென்றடைந்தது என்னும் வினாக்களை எழுப்பும்பொழுது இவ்வெண்ணம் நிலைகுலைகின்றது. பெண்களிடையே காணப்படும் உயர் குருதியமுக்கம் பற்றி ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த ஆய்வுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

மசாச்சுசெற்ஸ் மாநிலத்துப் பிறேமிங்ஹாம் நகரில் 1948ஆம் ஆண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு 5,209 பேரைத் தெரிந்தெடுத்தது. அவர்களுள் 2,873 பேர் பெண்கள். உயர் குருதியமுக்கம் மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழிகோலுகின்றது என்பதை நிலைநாட்டியதில் இவ்வாய்வுக்குப் பெரும் பங்குண்டு. நோயை அளந்தறியும் கட்டத்திற் பெண்கள் பெரும்பான்மையினராக இருந்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

சிகிச்சையின் பயனை நிறுவும் கட்டத்தில் நிலைமை மாறிற்று. மருந்தினால் உயிராபத்து குறையும் என்பதைத் தெளிவாகக் காட்டியவை முன்னாட் படையினர்க்கான அரசாங்க வைத்தியசாலைகளில் நடத்தப்பெற்ற இரு ஆய்வுகளாகும். 1967இல் வெளியான முதலாவது ஆய்வில் 143 பேரும், 1970இல் வெளியான இரண்டாவதில் 380 பேரும் பங்குபற்றினர். அனைவரும் ஆண்கள். 1982இல் முடிவுகள் வெளியிடப்பெற்ற பல்காரணித் தலையீட்டு ஆய்விற் சேர்க்கப்பட்ட 12,866 பேரும் 35 முதல் 57 வயது வரையிலான ஆண்களே. உழைத்துக் குடும்பத்தைத் தாங்குபவன் ஆண் என்னும் கருத்துநிலை இத்தெரிவின் பின்னணியில் நின்றது எனலாம்.

விழிப்புணர்வு முயற்சிகளும் இக்கருத்துநிலைக்குப் புறம்பாக நிற்கவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 1964இல் ஒறிகன் மாநிலத்தில் இதயநோய் பற்றிப் பெண்களுக்கென நடத்திய முதல் மாநாட்டின் பொருள், கணவன்மாரின் இதயங்களைப் பேணுவது எவ்வாறு என்பதாகும். பெண் அங்கு நோயாளியாகவன்றி, நோயாளியின் பராமரிப்பாளராகவே நோக்கப்பட்டாள். ஆனால், 1980இல் பிறேமிங்ஹாம் தரவுகளைக் கொண்டு வெளியிடப்பெற்ற கட்டுரையொன்று வேறொரு சித்திரத்தைத் தந்தது. எழுதுவினைஞராகப் பணியாற்றிய பெண்களிடையே இதயநோய் இல்லத்தரசியரிடையே காணப்பட்டதிலும் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. பிள்ளைகளைப் பெற்று, உடலுழைப்புத் தொழிலாளரை மணந்திருந்த எழுதுவினைஞர்களே மிகக் கூடுதலான ஆபத்துக்கு உள்ளாகினர். ஆதரவற்ற மேலதிகாரியும் வெளிக்காட்டவியலாத சினமும் அவர்களின் நோயோடு தொடர்புற்றிருந்தன. வேலைத்தலத்து உழைப்பும் வீட்டு உழைப்பும் ஓருடலிற் சுமத்தப்படும்போது நேர்வதை இத்தரவுகள் உணர்த்துகின்றன.

இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது, 1979இல் முடிவுகள் வெளியான உயர் குருதியமுக்கக் கண்டறிதல், தொடர்கவனிப்புத் திட்டமாகும். 14 இடங்களில் 158,906 பேரைப் பரிசோதித்து, நோயுற்ற 10,940 ஆண்களையும் பெண்களையும் அது இரு பிரிவினராக்கியது. ஒரு பிரிவினருக்குப் பணம் தடையாகாதவாறு சிறப்பு நிலையங்களிற் படிமுறைச் சிகிச்சை அளிக்கப்பட்டது. மறுபிரிவினர் வழமையாகச் செல்லும் வைத்தியர்களிடமே அனுப்பப்பட்டனர். ஐந்தாண்டுகளில் முதற்பிரிவில் இறப்பு 17 சதவீதம் குறைந்திருந்தது. கறுப்பினப் பெண்களிடையே இக்குறைவு ஏறத்தாழ 28 சதவீதம். வெள்ளையினப் பெண்களிடையே குறைவு காணப்படவில்லை.

வெள்ளையினப் பெண்களுக்கு மருந்து பயன்படுமா என்ற ஐயத்தை இம்முடிவு எழுப்பிற்று. ஏற்கெனவே வைத்திய வசதி பெற்றிருந்தோர் புதிதாகப் பெறக்கூடியது குறைவு என்பதும், வறுமையாலும் இனவொதுக்கலாலும் அவ்வசதி மறுக்கப்பட்டோரே கூடிய பயன்பெற்றனர் என்பதும் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகின்றது. எனினும் ஐயத்தைத் தீர்க்கப் போதிய தரவு வேண்டியிருந்தது. 1997இலேயே பல ஆய்வுகளின் தரவுகள் ஒருங்கிணைக்கப்பட்டு, 20,802 பெண்களும் 19,975 ஆண்களும் ஒப்புநோக்கப்பட்டனர். சிகிச்சை ஆபத்தைக் குறைக்கும் விகிதம் இருபாலாருக்கும் வேறுபடவில்லை என்பது அப்போது புலனாயிற்று. ஆண்களிடத்து 1967இல் கிடைத்த விடைக்கு நிகரானது பெண்களுக்குக் கிடைக்க முப்பது ஆண்டுகள் சென்றன. இடையில், பெண்கள் சுகாதார இயக்கத்தினரின் நெடிய போராட்டத்தின் பின்னர், அரச நிதிபெறும் சிகிச்சை ஆய்வுகளிற் பெண்களையும் சிறுபான்மை இனத்தவரையும் சேர்த்தல் வேண்டுமென 1993இற் சட்டம் இயற்றப்பட்டது.

இவ்வனுபவம் நமக்கு அந்நியமானதன்று. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் 2,645 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 2020இல் வெளியான ஆய்வு, அரசாங்கச் சுகாதார ஊழியர் வீடு வீடாகச் சென்று அமுக்கத்தை அளந்து, அறிவூட்டி, வைத்தியரிடம் ஆற்றுப்படுத்தும் முறையை உட்படுத்தியது. வழமையான கவனிப்பைப் பெற்றோரிலும் பார்க்க அவர்களிடத்து இதயம் சுருங்கும்போதுள்ள அமுக்கம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் கூடுதலாகக் குறைந்தது.

ஆய்வும் அறிவூட்டலும் தத்தம் வழியே தனித்தனியாகச் சென்றால், முன்னது பெண்ணைக் கணக்கெடுத்துக் கைவிடும்; பின்னது அவளது அறியாமையையே குற்றஞ்சாட்டும். நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தன் குருதியமுக்கத்தின் அளவை அறிவித்தால் மாத்திரம் போதாது. அன்றைய கூலியை இழக்காது சிகிச்சை நிலையத்துக்குச் செல்லும் உரிமையும், தடையின்றிக் கிடைக்கும் மருந்தும், அவளது வேலைநிலைமையையும் உள்ளடக்கிய ஆய்வும் ஒருசேர அமைதல் வேண்டும். ஒருங்கிணைப்பு என்னும் சொல்லுக்கு வரலாறு தரும் பொருள் இதுவேயாம்.