அணுக்கழிவுக் கலன்களுக்கான உலோகங்கள்

வட ஆர்க்காட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் போன ஊர் கோலார் தங்கவயல். ஆம்பூரிலிருந்து ரயிலில் சில மணி நேரம். அங்கே 1980களில், கைவிடப்பட்ட சுரங்கப் பகுதியொன்றில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையம் மின்சூடேற்றிகளைக் கொண்டு பாறையைப் பல ஆண்டுகள் சூடாக்கிப் பார்த்தது. ஆழத்தில் புதைக்கும் அணுக்கழிவின் வெப்பத்தைப் பாறை தாங்குமா என்பதே கேள்வி. 2012இல் கூடங்குளம் அணுமின் நிலைய வழக்கில், கழிவைப் புதைக்கும் இடமாகக் கோலாரின் பெயர் அடிபட்டதும் தங்கவயலில் போராட்டம் வெடித்தது. அங்கே புதைக்கும் திட்டமில்லை என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

பாறை வெளிவேலிதான். கழிவை ஒட்டி நிற்கும் காவல், கலன்.

தாராப்பூர், கல்பாக்கம் போன்ற இடங்களில் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவை போரோசிலிக்கேட் கண்ணாடியோடு உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலனில் வார்த்து, மூடியைப் பற்றவைக்கிறார்கள். பெரும்பாலும் 304எல் ரகம். நல்ல எவர்சில்வர் பாத்திரத்துக்கு நெருங்கிய சொந்தம். அதிலுள்ள சுமார் 18 சதவீதக் குரோமியம் காற்றுபட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகி எஃகைக் காக்கிறது. குளோரைடு அந்தப் படலத்தை ஊசிமுனை அளவில் துளைக்கும். வெளியே பளபளப்பு மாறாமலே உள்ளுக்குள் குழி இறங்கும். தோல் பதனிடும் உப்பு ஊறிய பாலாற்றங்கரைக் கிணற்று நீர் இந்த எஃகுக்கு ஆகாது. ஆழத்துப் பாறைநீரும் பல இடங்களில் உப்புதான். எஃகைக் காக்கும் அதே குரோமியம், ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலைக் கழிவாக வெட்டவெளியில் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. கலனில்லாக் கழிவுக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

ஸ்வீடனும் பின்லாந்தும் 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள செம்பைத் தேர்ந்தன. உள்ளே வார்ப்பிரும்பு, சுற்றிலும் பென்டோனைட் களிமண். ஆக்சிஜன் தீர்ந்துபோன ஆழத்து நீரில் செம்பு ஏறக்குறைய அரிபடாது. சல்பைடுதான் அதன் எதிரி. 2018இல் ஸ்வீடன் சுற்றுச்சூழல் நீதிமன்றம் செம்பு அரிப்பு பற்றி ஐயம் எழுப்பியது. அரசின் அனுமதி 2022 ஜனவரியில்தான் வந்தது. கார்பன் எஃகு வேறு கணக்கு: துருப்பிடிக்கும், ஆனால் ஓரளவு சீராக. எத்தனை ஆண்டுக்கு எவ்வளவு தேயும் என்று கணித்து அதற்கேற்பத் தடிமனைக் கூட்டலாம். துருப்பிடிக்கையில் பிறக்கும் ஹைட்ரஜன் வாயுதான் தொல்லை. நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே, காற்று புழங்கும் அமெரிக்காவின் யுக்கா மலைக்கு நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 'அலாய் 22' கலனும், சொட்டுநீர் படாமல் டைட்டானியக் கூரையும் திட்டமிட்டார்கள். அந்தத் திட்டமே முடங்கிவிட்டது.

இந்தியா புதைகுழிக்கு இன்னும் இடம் முடிவு செய்யவில்லை. எரிபொருளை மறுசுழற்சி செய்வதால் கழிவு குறைவு, அவசரமில்லை என்பது அணுசக்தித் துறையின் வாதம். எனவே கலன்கள் காற்றால் குளிரும் கிடங்குகளில் பல பத்தாண்டுகள் வைக்கப்படுகின்றன. அவற்றுக்கு மேலுறை எந்த உலோகம் என்பதை, தேர்வாகும் இடத்தின் நீரைச் சோதித்த பிறகே உறுதிசெய்ய முடியும்.