காற்றை எங்கே அனுப்புவது? பைக் விண்ட்ஷீல்டின் கதை

இன்னைக்கு விஷயம் விண்ட்ஷீல்டு.

வெள்ளிக்கிழமை ராத்திரி வேலை முடிஞ்சதும் சென்னையிலிருந்து பைக்கில் ஊருக்குக் கிளம்பிடுவேன். ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போற ரோட்டில் இருக்கு. 1760-ல் அயர் கூட் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த மலைக்கோட்டை இருக்கே, அதே ஊர்தான். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழட்டின பிறகும் இடது காதில் "ங்ங்ங்"னு ஒரு இரைச்சல் இருக்கும். முதலில் சனிக்கிழமை மத்தியானம் அடங்கிடும். அப்புறம் திங்கட்கிழமை ஆபீஸ் வரைக்கும் கூடவே வர ஆரம்பிச்சது. காது டாக்டர், "போன கேட்கும் திறன் திரும்ப வராது தம்பி, இருக்கிறதைக் காப்பாத்திக்கோங்க"ன்னு சொல்லிட்டார்.

பயத்தில், கிடைச்சதிலேயே உயரமான கண்ணாடியை வாங்கி மாட்டினேன். சத்தம் இன்னும் மோசமாச்சு! ஏன்னு தேடப் போனதுதான் இந்த எபிசோட்.

எங்க அப்பாவோட பஜாஜ் சேத்தக்கில் பழுப்பேறின ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி இருந்தது. நாங்க கிண்டல் பண்ணுவோம். இந்த மாதிரிக் கண்ணாடிக்குப் பேர் போன பொருள் அக்ரிலிக். 1930-களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் 'பெர்ஸ்பெக்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் விமானியின் தலைக்கு மேலிருந்த கண்ணாடிக் கூடு இதுதான். அது உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் போன சில்லுகளை உடம்பு பெரிசா எதிர்க்கவில்லை என்பதை ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். 1949-ல் அதே பொருளில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். மதுரை ஆரோலேப் 1992-லிருந்து மலிவாகத் தயாரிப்பதும் இந்த வழியில் வந்த லென்ஸ்தான். போன வருஷம் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். ஆக, சேத்தக் கண்ணாடியின் சொந்தக்காரன் ஒருத்தன் இப்போ அப்பா கண்ணுக்குள்ள இருக்கான். சரி, ரோட்டுக்கு வருவோம்.

ரேஸ்காரர்களுக்குக் காற்று என்றால் வேகம், அவ்வளவுதான். இத்தாலியின் மோட்டோ குஸி 1950-ல் பைக்குகளுக்கென்றே காற்றுச் சுரங்கம் கட்டியது. முன் சக்கரத்தையே மூடிய அந்தக் காலத்து 'டஸ்ட்பின்' கூடுகள் பக்கக் காற்றில் ஆபத்து என்று 1958 சீசனிலிருந்து தடை செய்தார்கள். மரக்காணம் பக்கம் கடல்காற்று அடிக்கும்போது ஓட்டிப் பாருங்க, அந்தத் தடையின் நியாயம் புரியும்.

ஓட்டுறவனோட உடம்பைப் பற்றி யோசிச்சவங்க வேற. அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் 1971-ல் கொண்டுவந்த 'விண்ட்ஜாமர்', பல கம்பெனி பைக்குகளிலும் மாட்டக்கூடியது. பி.எம்.டபிள்யூ. 1976-ல் ஆர்100ஆர்எஸ் பைக்கின் கூட்டைப் பினின்ஃபரீனாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைத்தது.

நம்ம கதை? 1955-ல் மெட்ராஸில் புல்லட் வந்தது. 1950-களின் கடைசியில் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு 'ஏர்ஃப்ளோ' என்று ஃபைபர் கூடு போட்ட பைக் விற்றது. திருவொற்றியூர் புல்லட் மொட்டையாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குறையென்று நான் சொல்ல மாட்டேன். லாரியும் மாட்டு வண்டியும் போற ரெட்டைத் தட ரோட்டில் அறுபதுக்கு மேல் எங்கே போவது? ஜி.எஸ்.டி. ரோடு நான்கு வழியான பிறகுதான் நமக்குக் காற்றுப் பிரச்சினையே வந்தது. கம்பெனியே கண்ணாடி மாட்டித் தருவதை என்ஃபீல்டில் நாம் பரவலாகப் பார்த்தது 2016 ஹிமாலயன், 2020 மீட்டியோர் சூப்பர்நோவா காலத்தில்.

இப்போ என் தப்புக்கு வரேன். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-லிருந்து 90-க்குப் போனால் ஒன்றரை மடங்கு இல்லை, 2.25 மடங்கு. கண்ணாடி இந்தக் காற்றை ஒழிக்காது, வேற இடத்துக்கு அனுப்பும். மேல் விளிம்பைத் தாண்டும் காற்று சுருண்டு சுழலும். அந்தச் சுழல் ஹெல்மெட்டில் மோதினால், கண்ணாடியே இல்லாததைவிட அதிகமாக இரையும். என் கண்ணாடி அந்தச் சுழலைச் சரியாகக் காதுக்கே டெலிவரி பண்ணிட்டிருந்தது.

கண்டுபிடிக்கிறது சுலபம். ஆத்தூர் டோல்கேட் தாண்டி, காலி ரோட்டில், ஃபுட்ரெஸ்ட்டில் லேசா எழும்பினேன். சட்டுனு அமைதி. அப்படின்னா ஹெல்மெட் சுழலுக்கு மேலே, சீரான காற்றுக்குள் போயிடுச்சு, கண்ணாடி குட்டையாகணும். குனியும்போது அமைதியானால் உயரம் பத்தலைன்னு அர்த்தம். எப்படியும் விளிம்பு மூக்கு உயரத்தைத் தாண்டக் கூடாது. ராத்திரி எதிர் வண்டி ஹெட்லைட்டில் கீறல் எல்லாம் பளிச்சிடும், பார்வை அதுக்கு மேலாகப் போகணும். வாங்கும்போது பொருளையும் கேளுங்க: அக்ரிலிக் தெளிவு, ஆனால் சில்லாக உடையும். பாலிகார்பனேட் லேசில் உடையாது, ஆனால் மேல்பூச்சு இல்லைன்னா சீக்கிரம் கீறும், பெட்ரோல் பட்டாலும் கெடும். எங்க ரோட்டில் ஜல்லி லாரிகள் என்பதால் என் ஓட்டு பாலிகார்பனேட்டுக்கு.

திண்டிவனத்தில் போர்டு எழுதற கடையில் கண்ணாடியை நாலு விரல் அளவு அறுத்து, விளிம்பைத் தேய்த்து வாங்கினேன். இப்போ காற்று நெஞ்சுக்கு வராமல் ஹெல்மெட்டில் சீராகப் படுது. அந்தச் சத்தம் குறையத்தான் செய்யும், போகாது. அதனால காதுக்கு நுரை அடைப்பானும் உண்டு. ஹாரன் கேட்கும், கவலைப்படாதீங்க.

அறுத்த துண்டை அப்பாகிட்ட காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்துட்டு, "என் சேத்தக் கண்ணாடியை எறிஞ்சது யாரு?"ன்னு கேட்டார்.

இரைச்சல் இப்போ சனிக்கிழமை காலையிலேயே அடங்கிடுது.