பாடக்குறிப்பின் மறுபக்கம்

மணப்பாறையைக் கடந்து மருங்காபுரிப் பக்கம் செல்வோர், காவிரியின் பெயரால் அறியப்படும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற்குள்ளேயே காவிரி நீர் எட்டாத வேறொரு நிலத்தைக் காண்பர். வானம் பார்த்த பூமி அது. அப்பகுதிச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப்பள்ளிக்கு ஒருமுறை சென்றிருந்தோம். இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். ஆசிரியை ஒருவரின் பாடக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு பக்கத்தில் வழக்கமான தலைப்புகள்: பாடத்தின் பெயர், கற்றல் விளைவு, துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு. எதிர்ப்பக்கத்தில் பென்சிலால் எழுதிய பிள்ளைகளின் பெயர்கள். ஒரு பெயருக்கு எதிரே, ‘கடன் வாங்கிக் கழித்தல் வரவில்லை’. இன்னொன்றுக்கு எதிரே, ‘கொம்பும் காலும் மாறுகிறது’. மூன்றாவதற்கு எதிரே, ‘கடலை பறிப்பு, நான்கு நாள் வரவில்லை’.

“மேலே இருந்து வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்ப்பார்கள், சாமி. நான் பார்க்கிறது இந்தப் பக்கம்” என்றார் அவர்.

அச்சொல் நம்மைச் சுட்டது. நாமும் பங்குப் பள்ளிகளின் தாளாளராக இருந்து, வாரந்தோறும் பாடக்குறிப்பேடுகளில் ஒப்பமிட்டவர்தாம். ஒருநாள், ‘பாடம் முடிந்தது’ என்று எழுதப்பட்ட பக்கத்தில் ஒப்பமிட்டுவிட்டு, நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனை அழைத்து அதே பாடத்தின் முதல் வரியைப் படிக்கச் சொன்னோம். அவன் தலைகுனிந்து நின்றான். ஏட்டில் முடிந்த பாடம் அவனுக்குத் தொடங்கவே இல்லை. ஆசிரியரைக் குறைகூற நமக்கு வாய் எழவில்லை. அடியில் இருந்த ஒப்பம் நம்முடையது.

ஆசிரியர் வகுக்கும் இலக்கு பாடநூலை நோக்கியதா, பிள்ளையை நோக்கியதா? இக்கேள்விக்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு உண்டு.

திண்ணையும் மணலும்

1822ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாகாணமெங்கும் உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட அக்கணக்கில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இடம்பெற்றனர். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மட்டும் 790 பள்ளிகள். இவற்றுள் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகளே. அங்கே வகுப்பு என்ற பிரிவு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை மணலில் விரலால் எழுத்தைக் கூட்டும். பத்து வயதுப் பிள்ளை ஓலையில் எண்சுவடி எழுதும். ஆசான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அன்றைய பாடத்தைக் கொடுப்பார். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோரை ஓதச் செய்வான். கொடுத்த பாடம் நாவில் நின்ற பிறகே அடுத்த பாடம். குறிப்பேடு இல்லை; ஆயினும் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்பதை ஆசான் அறிந்திருந்தார்.

இதைப் பொற்காலம் என்று போற்றிவிடவும் இயலாது. பிரம்பும் கடுந்தண்டனையும் திண்ணையில் தாராளமாக இருந்தன. பொருள் விளங்காத மனப்பாடமே பெரும்பகுதி. மன்றோவின் கணக்கில் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர்க்குத் திண்ணைப்படியே எட்டாத உயரமாக இருந்தது. பிள்ளையை அறிந்து கற்பித்த முறை, பல பிள்ளைகளைப் பிள்ளைகளாகவே எண்ணவில்லை.

இத்திண்ணையின் உத்தி கடல் கடந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு. உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதுவதைக் கண்ட அவர், அதைத் தம் இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டே இளையோர்க்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்தி, மணியோசைக்கு ஏற்ப இயக்கும் ஏற்பாடாக அங்கே அது வளர்ந்தபோது, ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்த ஆசானின் பார்வை அதில் தேய்ந்துபோயிற்று.

நம் திருச்சபைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. இயேசு சபையார் 1599இல் வெளியிட்ட ‘ராசியோ ஸ்தூதியோரும்’ என்னும் கல்வி ஒழுங்கு, ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் மாணவர் எந்நிலையை எட்டவேண்டும் என்பதை வரையறுத்தது. ஆசிரியர் முதலில் பாடத்தை விளக்கிக் காட்டுவார். பின்னர் மாணவர் அதைத் திருப்பிச் சொல்வர். சிறு குழுவினர் ஒப்பிப்பதைக் கேட்கும் பொறுப்பு மாணவன் ஒருவனுக்கே தரப்பட்டது; நம் சட்டாம்பிள்ளையின் ஐரோப்பிய உடன்பிறப்பு என்று அவனைச் சொல்லலாம். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்த தூய வளனார் கல்லூரி, அந்தக் கல்வி மரபில் வந்ததே.

குறிப்பேடு வந்த கதை

திண்ணை மறைந்து, வகுப்பறையும் பாடநூலும் பொதுத்தேர்வும் வந்தபோது கணக்குக் கேட்பவர் மாறினார். இங்கிலாந்தில் 1862 முதல், மாணவரின் தேர்ச்சியைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்ற விதி வந்தது. சென்னை மாகாணத்திலும் அத்தகைய மானியம் நடைமுறையில் இருந்தது. ஆய்வாளர் வரும் நாளை எண்ணியே கற்பிக்கும் பழக்கம் வேரூன்ற இதைவிட வேறென்ன வேண்டும்? செர்மானிய அறிஞர் எர்பார்ட்டின் வழிவந்தோர் வகுத்த ஐந்து படிகள், ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகள் வழியே பாடக்குறிப்பின் சட்டகமாயின. தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துச் செல்வதே அவற்றின் உயிர். ஆனால் பிள்ளைக்கு எது தெரியும் என்று கேளாமலேயே அச்சட்டகத்தை நிரப்பிவிட முடியும் என்பதைப் பலரும் விரைவில் கண்டுகொண்டனர்.

விடுதலைக்குப் பின் இக்குறையைக் களைய முயற்சிகள் நடந்தன. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, 1991இல் தொடக்கக் கல்விக்கான குறைந்தபட்சக் கற்றல் நிலைகள் வகுப்புவாரியாக வரையறுக்கப்பட்டன. ஆந்திரத்தின் ரிஷிவேலி சிற்றூர்ப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007இல் அது மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப்பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கு விரிந்தது. பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. சுவரில் ஏணிப்படி தொங்கியது. தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே கண்டு, அடுத்த அட்டையை எடுத்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். திண்ணையின் நற்பண்பு, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கதவு திறந்த பள்ளிக்குள் திரும்பி வந்தது என்றே நமக்குத் தோன்றியது. ஆனால் அட்டைகள் கிழிந்த இடத்திலும், ஆசிரியர் மனம் ஒப்பாத இடத்திலும் அது வெறும் சடங்காயிற்று. காலப்போக்கில் பின்னுக்கும் சென்றது.

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த நாள்களுக்குப் பின், 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. எட்டு வயதிற்குள் பிள்ளைகள் பொருளறிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்பது அதன் குறிக்கோள். பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என அது வகைப்படுத்தியது. அழகிய பெயர்கள். ஆயினும், பதிவேற்றும் வேலையே கற்பிக்கும் நேரத்தை விழுங்குகிறது என்று ஆசிரியர் பலர் வருந்திச் சொல்வதையும் கேட்கிறோம்.

எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம்?

இவ்வரலாறு நமக்குச் சொல்வது ஒன்று. பிள்ளையை அறியும் பொருட்டே ஒவ்வொரு முறையும் தோன்றியது. மேலிருப்போர்க்குக் கணக்குக் காட்டும் கருவியாக அது மாறிய அளவிற்குப் பிள்ளை கண்ணில் படாமல் போயிற்று. முறைகளை அரசு மாற்றட்டும். கேட்கும் கேள்வியை நாம் மாற்றலாம். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்க்கு இடம் தந்திருக்கிறது. அங்கே அமரும் பெற்றோர் ‘பாடம் எதுவரை போயிற்று?’ என்று மட்டும் கேட்டு எழுந்துவிடாமல், ‘என் பிள்ளை எதுவரை வந்திருக்கிறாள்? அடுத்து அவளுக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்கட்டும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும் இதே கேள்வியைக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம். செபங்களை ஒப்பித்தவுடன் ‘முடிந்தது’ என்று எழுதி நாமே எத்தனையோ ஏடுகளை மூடியிருக்கிறோம்.

அன்று விடைபெறுமுன், அந்த ஆசிரியையின் குறிப்பேட்டை மீண்டும் ஒருமுறை கேட்டு வாங்கினோம். கடலை பறிக்கச் சென்ற பிள்ளையின் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘திங்கள் வருவாள். விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.’ ஒப்பமிட இடம் இல்லாத அந்தப் பக்கத்தைத்தான் இத்தனை ஆண்டுகள் நாம் புரட்டிப் பாராமல் இருந்துவிட்டோம்.