மூச்சை அளந்த மருத்துவர்

சும்மா உட்கார்ந்திருக்கையில் நாம் ஒரு மூச்சில் இழுப்பது ஏறக்குறைய அரை லிட்டர் காற்றுதான். நெஞ்சு நிறைய இழுத்து, முடிந்தமட்டும் ஊதினால் எவ்வளவு வெளிவரும்? அதை அளந்து 1846ஆம் ஆண்டு வெளியிட்டவர் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஹட்சின்சன். தண்ணீரில் வாளிபோன்ற பாத்திரத்தைக் கவிழ்த்து, குழாய் வழியே ஊதச் சொன்னார். காற்றுப் புகப் புகப் பாத்திரம் மேலே எழும்பியது. மாலுமிகள், போலீஸ்காரர்கள், மல்லர்கள், ஏழை எளியவர்கள் என 2,000 பேருக்கு மேல் ஊதினார்கள். உயரம் கூடக் கூட அளவும் கூடியது. பருமனால் அப்படிக் கூடவில்லை. ஒல்லியானவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை! இந்த அளவையே உயிர்ப்புத்திறன் என்கிறோம். உயரத்துக்கேற்ற அளவு வராவிட்டால், மற்ற அறிகுறிகள் தெரியுமுன்பே காசநோயைச் சந்தேகிக்கலாம் என்றார் அவர். அந்நாளில் அந்நோய்க்கு மருந்தே கிடையாது.