அகமதாபாத் தறிக்கூடம் சொல்லும் பாடம்

மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கச் செயலாளர், "உன் பி.எச்டி. எதைப் பற்றி என்று நம்ம ஆட்கள் யாருக்கும் புரியவில்லை, அதையே எழுதிவிடேன்" என்றார். இயந்திரத்தை மனிதனுக்குத் தக்கபடி அமைப்பது, அமைக்கும்போது தொழிலாளியையும் கலந்துகொள்வது, விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதற்கு எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. அதில் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் நாட்டிலேயே நடந்தது.

ஆரம்பம் இங்கிலாந்தில். 1947-ல் நிலக்கரிச் சுரங்கங்கள் அரசுடைமையாயின. இயந்திரங்கள் வந்தும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை; வேலைக்கு வராதவர்கள்தான் பெருகினார்கள். ஏன்? லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தின் எரிக் டிரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் இருவரும் 1951-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. பாம்ஃபோர்த் தாமே 18 ஆண்டுகள் சுரங்கத்தில் உழைத்தவர். முன்பெல்லாம் சின்னக் குழுவாகச் சேர்ந்து முழு வேலையையும் செய்து, கூலியைப் பகிர்ந்துகொள்வார்கள். புது முறையில் வேலை மூன்று ஷிப்டாகத் துண்டாடப்பட்டது. ஒரு ஷிப்டின் குறை அடுத்த ஷிப்டின் தலையில் விடிந்தது. குறை இயந்திரத்தில் இல்லை, அதைச் சுற்றி மனிதர்களை நிறுத்திய விதத்தில் இருந்தது.

அடுத்து அகமதாபாத். காலிகோ மில், சாராபாய் குடும்பத்துடையது. 1918-ல் காந்தியடிகள் நடத்திய மில் தொழிலாளர் போராட்டத்தில் முதலாளிகள் தரப்பில் அம்பாலால் சாராபாயும், தொழிலாளர் தரப்பில் அவருடைய சகோதரி அனசூயாவும் நின்றது பலருக்கும் தெரிந்த கதை. அந்த மில்லில் 1952-ல் தானியங்கித் தறிகள் வந்தன. ஒரு கூடத்தில் 224 தறி, 29 ஆள். யாருக்கு எத்தனை தறி என்று எல்லாம் கணக்கிட்டே வைத்தார்கள். ஆனாலும் உற்பத்தி ஏறவில்லை, துணியில் பழுதும் குறையவில்லை.

1953-ல் அங்கே வந்த டாவிஸ்டாக் ஆய்வாளர் ஏ.கே. ரைஸ் கவனித்தது இதுதான். 29 பேருக்குள் 12 வகை வேலை. நெசவாளிக்கு 30 தறி என்றால், தார் நிரப்புகிறவருக்கு 50, அறுந்த பாவைச் சரிசெய்கிறவருக்கு அதைவிட அதிகம். ஆகவே எந்த நெசவாளிக்கும் 'இவர் என் கூட்டாளி' என்று சொல்ல ஒரு முழு ஆள் கிடையாது. இழை அறுந்தால் ஆளைத் தேடி ஓட வேண்டும். வருகிறவர் வேறொரு தறியில் பாதி வேலையை விட்டுவிட்டு வருவார். காகிதத்தில் கணக்கு சரி, கூடத்தில் குழப்பம்!

குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு குழுவே முழுப் பொறுப்பு ஏற்கட்டும் என்று ரைஸ் யோசனை சொன்னார். பிறகு நடந்ததைத்தான் நான் பல முறை திரும்பப் படித்தேன். விஷயம் காதில் விழுந்த சில மணி நேரத்திலேயே, மேஸ்திரிகளும் தொழிலாளர்களும் தாங்களே கூடிப் பேசி, யார் யாரோடு சேர்வது என்று முடிவுசெய்துவிட்டார்கள். ஏழு பேர் அளவிலான குழுக்கள். சில மாதத்தில் உற்பத்தித் திறன் கணிசமாக உயர்ந்தது, பழுது குறைந்தது. ஒரு தறியைக்கூட மாற்றவில்லை. பதினேழு ஆண்டு கழித்து, 1970-ல் எரிக் மில்லர் போய்ப் பார்த்தபோது சில இடங்களில் முறை தேய்ந்துபோயிருந்தது. ஒரு கூடத்தில் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பின்னாளில் அந்த ஊரின் பெரிய மில்கள் மூடப்பட்டபோது காலிகோவும் தப்பவில்லை. குழு முறை ஒரு மில்லை எல்லா ஆபத்திலிருந்தும் காக்கும் என்று நான் சொல்ல வரவில்லை.

இங்கிலாந்தின் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஆட்குறைப்பு பயம் வந்தபோது, "எங்களால் வேறு என்னவெல்லாம் செய்ய முடியும்" என்று தாங்களே பட்டியல் போட்டார்கள். முதலில் நிபுணர்களும் நிறுவனங்களுமாக 180 இடங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் வந்தது விரல்விட்டு எண்ணும் அளவில். அப்புறம் தங்கள் பட்டறைக்காரர்களையே கேட்டார்கள். 1976 ஜனவரியில் வந்த திட்டத்தில் சுமார் 150 பொருள்கள்: வெப்ப பம்ப், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் பஸ், முதுகெலும்புக் குறையோடு பிறந்த குழந்தைகளுக்கான வண்டி. நிர்வாகம் ஏற்கவில்லை. திட்டத்தின் முன்னணியில் நின்ற வடிவமைப்பு என்ஜினீயர் மைக் கூலி 1981-ல் வேலை இழந்தார். அதே ஆண்டில் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2020-ல் காலமானார்.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றலாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் புது அசெம்பிளி லைன் போட்டார்கள். பாகங்கள் வலது பக்கம், திரை இடது பக்கம். ஒவ்வொரு பீஸுக்கும் அந்தப் பெண் கழுத்தைத் திருப்ப வேண்டும். மூன்று மாதம் கழித்துத் திரையை இடம் மாற்றியபோது அவர் சொன்னார்: "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே சார்." என் ஆய்வுக் கேள்வியே அதுதான். கேட்க என்ன தடை?

சட்டம் தடை இல்லை. 1976-ல் 42-வது திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 43-ஏ பிரிவு, நிர்வாகத்தில் தொழிலாளர் பங்குபெற அரசு வகைசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் அது வழிகாட்டும் கோட்பாடு. கோர்ட்டுக்குப் போய்க் கேட்டுப் பெற முடியாது. கமிட்டிகள் இருக்கும் இடத்திலும் பேச்சு பெரும்பாலும் கேண்டீன், சீருடையோடு நின்றுவிடுகிறது. எந்த மெஷின் வாங்குவது என்ற பேச்சு அந்த அறைக்குள் நுழைவதில்லை.

அந்தப் பேச்சு நடக்கும் அறையில் இன்று நம் கல்லூரிக்காரர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறோம். ரோபோவும் செயற்கை நுண்ணறிவும் வாங்கக் கையெழுத்துப் போடுகிறோம். போடும் முன்பு, அதை ஓட்டப்போகிறவர்களில் இரண்டு பேரை அந்த அறைக்கு அழைத்து ஒரு நாற்காலி கொடுங்கள். செலவு இரண்டு டீதான்.